வெள்ளை பாஸ்பரஸ் முதல் பச்சை உப்பு வரை: சிவகாசியும் ரசாயனத் தடைகளும்

சிவகாசி வரலாறுன்னு யார் எழுதினாலும் ஒரே கதையில்தான் ஆரம்பிப்பாங்க. 1920-களின் தொடக்கத்துல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனாங்க, தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டாங்க, திரும்பி வந்தாங்க, வானம் பார்த்த பூமி பிழைச்சுக்கிச்சு. உண்மையான கதைதான், நல்ல கதையும்கூட. விருதுநகர் மாவட்டத்துல பிறந்து வளர்ந்த எனக்கு அதை மனப்பாடமா சொல்ல வரும். ஆனா இந்தப் பதிவுல வேற ஒரு கதை. முதலாளிகளோட கதை இல்லை, ரசாயனங்களோட கதை. எந்தப் பொருளை, எப்போ, யாருக்காக அரசாங்கம் தடை செஞ்சது? அந்தத் தடையால யார் பிழைச்சாங்க? கொஞ்சம் நீளம். பொறுத்துக்கோங்க மக்களே.

1913: நமக்குத் தெரியாமலே கிடைத்த வரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவுல தீக்குச்சியை எங்கே உரசினாலும் பத்திக்கும். சுவர், செருப்பு, மேஜை, எதுல வேணும்னாலும். காரணம், குச்சியோட தலையில இருந்த வெள்ளை பாஸ்பரஸ். விலை மலிவு, வேலை சுலபம். ஆனா அந்தப் புகையை சுவாசிச்ச தொழிலாளிகளுக்கு முதல்ல பல் வலிக்கும். பிறகு தாடை எலும்பு உள்ளுக்குள்ளேயே அழுகும். தாடையை வெட்டி எடுத்தாதான் உயிர் தப்பலாம்ங்கற நிலைமை. பெரும்பாலும் பெண்கள், சிறுமிகள்.

1888-ல லண்டன்ல பிரையன்ட் அண்டு மே தீப்பெட்டி ஆலையில சுமார் 1400 பெண்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. அவங்களுக்காகப் பத்திரிகையில எழுதி அந்த விஷயத்தை ஊரறியச் செய்தவர் யார் தெரியுமா? அன்னி பெசன்ட். பின்னாடி அடையாறுக்கு வந்து, இன்னைக்கு சென்னையில ஒரு நகருக்கே பெயரா நிக்கிற அதே அம்மாதான்.

இதுல கவனிக்க வேண்டியது, மாற்று வழி அப்பவே இருந்தது. 1840-களிலேயே ஸ்வீடன்ல பாஷ் என்பவர், பாஸ்பரசைக் குச்சியில வைக்காம பெட்டியோட பக்கவாட்டுல வைக்கலாம்னு கண்டுபிடிச்சார். பின்னாடி வந்த வடிவத்துல அங்கே இருப்பது அவ்வளவா ஆபத்தில்லாத சிவப்பு பாஸ்பரஸ். குச்சியில பொட்டாசியம் குளோரேட். ரெண்டும் தனித்தனியா இருக்கிறவரை சாதுவா இருக்கும், உரசினாத்தான் பத்தும். நாம இன்னைக்கும் வச்சிருக்கிற தீப்பெட்டி அதேதான். 1898-ல பிரான்சுல இன்னொரு மாற்றும் கிடைச்சது, பாஸ்பரஸ் செஸ்குவிசல்ஃபைடு. எங்கே உரசினாலும் பத்தும், தாடையை அரிக்காது.

அப்படியிருந்தும் கம்பெனிகள் ஏன் மாறலை? பக்கத்துக் கடைக்காரன் மலிவா வித்தா நம்ம சரக்கு போகாதுங்கற பயம். அதனால ஒரு நாடு மட்டும் தடை செஞ்சா வேலைக்கு ஆகாது. 1906-ல ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துல நாடுகள் கூடி, வெள்ளை பாஸ்பரஸ் தீப்பெட்டி வேண்டாம்னு ஒப்பந்தம் போட்டாங்க. தொழிலாளியைக் காக்க ஒரு ரசாயனத்தை உலக அளவுல விலக்கிய ஆரம்பகால ஒப்பந்தங்கள்ல இது ஒண்ணு. பிரிட்டன் 1908-ல சட்டம் போட்டது. அமெரிக்காவுல டயமண்ட் மேட்ச் கம்பெனி 1911-ல தன்னோட காப்புரிமையை விட்டுக்கொடுத்தது, யார் வேணும்னாலும் மாற்று மருந்தைப் பயன்படுத்திக்கலாம்னு. அடுத்த வருஷமே அங்கே வெள்ளை பாஸ்பரஸ் குச்சிக்குக் கட்டுப்படியாகாத அளவு வரி போட்டாங்க.

இந்தியாவுல 1913-ல வெள்ளை பாஸ்பரஸ் தீப்பெட்டித் தடைச் சட்டம் வந்தது. இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை எல்லாத்துக்கும் தடை.

இப்ப வருஷங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சட்டம் 1913. சிவகாசியில தீப்பெட்டித் தொழில் வந்தது 1920-களில். சுமார் பத்து வருஷம் சட்டம் முந்திக்கிச்சு. நம்ம ஊர்ல தீப்பெட்டி ஒட்டின பல தலைமுறைப் பெண்களும் பிள்ளைகளும் எத்தனையோ கொடுமையைப் பார்த்தாங்க. அந்தத் தாடை நோய் மட்டும் அந்தப் பட்டியல்ல சேரலை. யாரோ, எங்கேயோ, முன்கூட்டியே செஞ்ச காரியம். ஒரு நல்ல சட்டத்தோட பலன் இப்படித்தான் இருக்கும், நடக்காம போன ஒண்ணுக்கு யாரும் கல்வெட்டு வைக்க மாட்டாங்க.

அளவு, இடைவெளி, ஆள்

பட்டாசுக்கு வருவோம். அடிப்படைச் சட்டம் 1884-ன் வெடிபொருள் சட்டம். ஒன்பது வருஷம் முன்னாடி இங்கிலாந்துல வந்த சட்டத்தோட வழியில வந்தது. 1898-ல வெடிபொருள் துறை உருவாச்சு. அதுதான் இன்னைக்கு நாக்பூரைத் தலைமையிடமா வச்சிருக்கிற பெசோ, அதாவது பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. சிவகாசியிலும் அதுக்கு அலுவலகம் இருக்கு. விதிகள் 1940, 1983, 2008-ன்னு மூணு தடவை முழுசா எழுதப்பட்டன.

இந்த விதிகளோட சாரத்தை மூணே வார்த்தையில சொல்லிடலாம்: அளவு, இடைவெளி, ஆள். வெடிமருந்து வெடிக்காதுன்னு எந்தச் சட்டமும் உத்தரவாதம் தர முடியாது. வெடிச்சா எத்தனை பேரோட நிக்கணும்ங்கறதைத்தான் சட்டம் எழுத முடியும். அதனாலதான் பட்டாசு ஆலைன்னா ஒரே பெரிய கட்டடமா இருக்காது. பொட்டல்ல தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன ரூம்கள். ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல கூடாது. கதவு வெளிப்பக்கமா திறக்கணும், ஓடித் தப்பிக்க. இரும்புச் சாமான் கூடாது. மிச்சம் வந்த மருந்தை ராத்திரி வச்சுட்டுப் போகக்கூடாது.

ஊர்ல லைசென்ஸைப் பத்திப் பேசும்போது ஊர்ப் பெயராலயே பேசுவாங்க. "அது நாக்பூர் லைசென்ஸ்", "இது சென்னை லைசென்ஸ்", "அவங்களுது டி.ஆர்.ஓ. லைசென்ஸ்". எவ்வளவு மருந்து கையாளலாம்ங்கறதைப் பொறுத்து அனுமதி கொடுக்கிற இடம் மாறும். ஒரு நேரத்துல 15 கிலோவுக்குள்ள இருந்தா மாவட்ட நிர்வாகம், அதுக்கு மேல போனா சென்னை, பெரிய ஆலைன்னா நாக்பூர். இது தவிர மாநில அரசோட தொழிலகப் பாதுகாப்புத் துறை, பட்டாசுக்குன்னே தனி தாசில்தார், தீயணைப்பு, போலீஸ். எண்ணிப் பார்த்தா காவலுக்கு ஆள் குறைவுன்னு சொல்ல முடியாது. ஆனா வீட்டுக்கு அஞ்சு சாவி இருந்தா கடைசியா பூட்டினது யாருன்னு தெரியாதுல்ல, அந்த மாதிரி.

குளோரேட்டும் கந்தகமும்: சேரக் கூடாத ஜோடி

பொட்டாசியம் குளோரேட்டையும் கந்தகத்தையும் கலந்தா நல்ல வெடிமருந்து கிடைக்கும். மலிவும்கூட. சிக்கல் என்னன்னா, அது தொட்டாச்சிணுங்கி. லேசான உரசல் போதும், ஒரு தட்டு போதும். ஈரக்காத்து பட்டு கந்தகத்துல கொஞ்சமா அமிலம் உருவானா, அது குளோரேட்டோட வினைபுரிஞ்சு, யாரும் தொடாமலேகூட பத்திக்கலாம். இங்கிலாந்து 1894-லயே பட்டாசுல இந்த ஜோடியைத் தடை செஞ்சது. இந்தியாவுல இப்ப நடைமுறையில இருக்கிற தடை, 1884 சட்டத்தோட 6-ம் பிரிவுப்படி 1992 ஜனவரி 27-ல வந்த அறிவிக்கை.

அந்த அறிவிக்கையில ஒரு விதிவிலக்கு இருக்கு. தீக்குச்சித் தலை செய்யறதுக்கு இந்தக் கலவை கூடும். அது நியாயமானதுதான், குளோரேட் இல்லாம தீப்பெட்டி இல்லை. ஆனா உலகத்துல வேற ஊருக்கு இல்லாத ஒரு சங்கடம் நம்ம பகுதிக்கு உண்டு. தீப்பெட்டியும் பட்டாசும் ஒரே மண்ணுல நடக்குது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டின்னு சுத்துப்பட்டுல தீப்பெட்டி ஆலைக்கு மூட்டை மூட்டையா சட்டப்படியே வர்ற பொருள், பக்கத்துப் பட்டாசு ரூமுக்குள்ள போனா குத்தம். அதனால தடை எழுதினதோட வேலை முடியறதில்லை. மூட்டை எங்கே இறங்குது, எவ்வளவு செலவாச்சுன்னு கணக்குப் பார்க்கிற ஆள்தான் உண்மையான தடை. சீனப் பட்டாசு திருட்டுத்தனமா வருதுன்னு 2014-ல மத்திய அரசு எச்சரிச்சப்போ சொன்ன முக்கியக் காரணமும் இதே குளோரேட்தான்.

குளோரேட்டை விட்ட சிவகாசி நைட்ரேட்டுக்கு வந்தது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். இது ஓரளவு பாதுகாப்பு. ஆனா அலுமினியப் பவுடருக்கும் தண்ணிக்கும் ஆகாது. ஈரம் பட்ட கலவை உள்ளுக்குள்ளேயே சூடேறும். மிச்ச மருந்தை ராத்திரி வைக்காதேன்னு விதி சொல்றது இதனாலதான். "மருந்து நீர்த்துப் போயிருச்சு"ன்னு விபத்துக்கு அப்புறம் ஊர்ல பேசிக்கிறது இதைத்தான்.

கோர்ட்டு விதி எழுத ஆரம்பித்த கதை

1986-ல வழக்கறிஞர் எம்.சி. மேத்தா சிவகாசியில வேலை செய்யற குழந்தைகளுக்காக உச்ச நீதிமன்றத்துல வழக்கு போட்டார். 1986-ல வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பை ஆபத்தான வேலைகள் பட்டியல்ல வச்சது. அப்படியும் 1991 ஜூலையில மீனம்பட்டி விபத்துல 39 பேர் செத்தாங்க, அதுல குழந்தைகளும் உண்டு. 1996 டிசம்பர் 10-ல வந்த தீர்ப்பு, வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில கட்டணும்னு சொன்னது. பல வருஷம் பிடிச்சாலும், குழந்தைகளை ஆலையிலிருந்து வெளியே கொண்டுவந்ததுல இந்த வழக்குக்கும், அந்தக் காலத்துல எழுதினவங்க, போராடினவங்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

அதுக்கப்புறம் விதிகளோட பார்வை மெல்ல திசை மாறுது. 1999-ல சத்தத்துக்கு வரம்பு, வெடிக்கிற இடத்திலிருந்து நாலு மீட்டர்ல 125 டெசிபல். 2005-ல, ராத்திரி பத்துலேர்ந்து காலை ஆறு வரைக்கும் வெடிக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம். 2015-ல டெல்லியில மூணு கைக்குழந்தைகள் பேர்ல, காத்து மாசுக்கு எதிரா ஒரு வழக்கு. அதுல 2017 ஜூலை 31-ல ஒரு உத்தரவு: ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் இந்த அஞ்சும் எந்த வடிவத்துலயும் பட்டாசுல இருக்கக்கூடாது, பெசோ பொறுப்பேத்துக்கணும், குறிப்பா சிவகாசியில.

அடுத்தது 2018 அக்டோபர் 23. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்தான், தீபாவளிக்கு ரெண்டு மணி நேரம் மட்டும்தான். அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 6. நடுவுல ரெண்டே வாரம்!

பேரியம்னா நம்ம ஊர் பாஷையில பச்சை உப்பு. பேரியம் நைட்ரேட். பச்சை வெளிச்சம் அதால வர்றதுதான், ஆனா அது வெறும் சாயம் இல்லை. கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்கு சக்கரம்னு குழந்தைங்க கொளுத்துற ரகங்கள்ல எரியறதுக்கான ஆக்சிஜனைக் கொடுக்கிறதே அதுதான். அதை எடுத்துட்டா சாப்பாட்டுல உப்பைக் குறைக்கிற மாதிரி இல்லை, அரிசியையே எடுக்கிற மாதிரி. ஆலைகளை மாசக் கணக்குல மூடிட்டு உட்கார்ந்தாங்க. அதுல முதல்ல பட்டினி கிடந்தது கூலிக்குப் போறவங்க.

பிறகு நீரி விஞ்ஞானிகள் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல்னு மூணு வகை செய்முறை கொடுத்தாங்க. புகைத்துகள் 30 சதவீதமாவது குறையணும்ங்கறது கணக்கு. ஆலைகள் நீரியோட ஒப்பந்தம் போட்டு அந்தச் செய்முறையை வாங்கிச் செய்யறாங்க. பேரியத்தைத் திரும்ப அனுமதிக்கணும்னு கேட்டதை 2023 செப்டம்பர்ல நீதிமன்றம் மறுத்துடுச்சு.

இந்தத் தடைகள் தப்புன்னு நான் சொல்லவே இல்லை. மூச்சுத் திணறுற டெல்லிக் குழந்தையும் குழந்தைதான். பேரியமும் ஈயமும் நுரையீரலுக்குள்ள போகக்கூடாத சாமான்கள்தான். ஆனா ஒண்ணை மட்டும் கவனிங்க. 1913 சட்டம் பார்த்தது செய்யறவளோட தாடையை. 2018 உத்தரவு பார்த்தது கொளுத்துற ஊரோட காத்தை. 'பசுமை'ங்கறது புகைக்கு வச்ச பெயர், மருந்து கலக்குற ரூமுக்கு வச்ச பெயர் இல்லை.

உராய்வு என்று ஒருவர்

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறத்தாழ நாற்பது உயிர். அதுல பலர் அந்த ஆலைத் தொழிலாளிகளே இல்லை. புகையைப் பார்த்து உதவப் போன, பார்க்கப் போன பக்கத்து ஊர்க்காரங்க. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். இருபதுக்கும் மேற்பட்டவங்க. 2023 அக்டோபர்ல ஒரே நாள்ல ரெண்டு இடத்துல விபத்து.

மறுநாள் பேப்பரைப் பாருங்க. "மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது". ஏதோ உராய்வுன்னு ஒரு ஆள் எங்கிருந்தோ வந்து வெடிக்க வச்சுட்டுப் போன மாதிரி! உராய்வு நெருப்பைப் பத்த வைக்கும், சரி. ஒரு ரூம்ல நாலு பேருக்குப் பதிலா பத்துப் பேரை உட்கார வைக்கிறது உராய்வு இல்லை. மரத்தடியில மருந்தைக் காய வைக்கிறது உராய்வு இல்லை.

அச்சங்குளத்துல வெளிவந்த விஷயம், உள்குத்தகை. லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல இருக்கும். அவர் ஆலையைக் குத்தகைக்கு விடுவார். குத்தகை எடுத்தவர் ரூம் ரூமாப் பிரிச்சு இன்னும் பலருக்கு விடுவார். ரூம் எடுத்தவருக்கு சீசனுக்குள்ள வாடகையும் எடுக்கணும், லாபமும் பார்க்கணும். அவர் எதைக் கூட்டுவார்? மருந்தைக் கூட்டுவார், ஆளைக் கூட்டுவார். அளவு, இடைவெளி, ஆள்னு நூறு வருஷமா எழுதி வச்ச மூணு விதியும் ஒரே குத்தகையில காலி. தொழிலாளிக்கும் எண்ணிக்கைக் கூலி, வேகமா செஞ்சாத்தான் காசு. இதுல தடை செஞ்ச ரசாயனம்னு எதுவும் தேவையில்லை. அனுமதிச்ச மருந்தே போதும்.

இது நம்ம ஊருக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. 2000 மே மாசம் நெதர்லாந்துல என்ஸ்கெடே நகரத்துல, வீடுகளுக்கு நடுவுல இருந்த பட்டாசுக் கிடங்கு வெடிச்சு 23 பேர் செத்தாங்க. காகிதத்துல சாதா ரகம், உள்ள இருந்தது அதைவிட வீரியமான ரகம். அங்கே விசாரிச்ச ஓஸ்டிங் கமிஷன் கம்பெனியை மட்டும் குத்தம் சொல்லிட்டு முடிக்கலை. அனுமதி கொடுத்த, கண்காணிக்க வேண்டிய அரசு அலுவலகங்களையும் சேர்த்தே குத்தம் சொன்னது. அதுக்கப்புறம் விதிகளை மாத்தி எழுதினாங்க.

ஆக, என்ன செய்யலாம்?

நான் அதிகாரி இல்லை, கெமிஸ்ட்ரி வாத்தியாரும் இல்லை. வரலாற்றைப் படிச்சதுல எனக்குத் தோணுறது இவ்வளவுதான்.

வெள்ளை பாஸ்பரஸ் தடை ஜெயிச்சதுக்கு மூணு காரணம். மாற்று தயாரா இருந்தது. அது எல்லாருக்கும் எட்டுற விலையில, காப்புரிமையைக்கூட விட்டுக்கொடுத்து, கிடைச்சது. போட்டியாளர் எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஒரே விதி. இந்த மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் தடை காகிதத்துல நிக்கும், சரக்கு இருட்டுக்குப் போகும். சரவெடித் தடைக்கு அப்புறம் வீடுகள்ல திருட்டுத்தனமா செய்யறப்போ நடக்கிற விபத்துகளைப் படிக்கிறோம். ஆலையில நாலு பேரோட நின்ன ஆபத்து, வீட்டுக்குள்ள பிள்ளைகுட்டி பக்கத்துல போய் உட்கார்ந்திருக்கு. இதையும் தடையோட கணக்குல எழுதணும்.

அதனால தடை போடும்போதே கூடவே கேட்க வேண்டியது: மாற்று மருந்து டி.ஆர்.ஓ. லைசென்ஸ் வச்சிருக்கிற சின்ன ஆலைக்கும் கிடைக்குமா? அதைக் கலக்கிற ஆளுக்கு யார் பயிற்சி கொடுப்பாங்க? அது பழசைவிட உரசலைத் தாங்குமா, தாங்காதா? புகையை அளக்கிற மாதிரி இதையும் அளந்துட்டு அனுமதி கொடுக்கணும். சிவகாசியிலேயே பெசோவோட பட்டாசு ஆராய்ச்சி மையம் இருக்கும்போது இது முடியாத காரியம் இல்லை.

நம்மால முடிஞ்சதும் ஒண்ணு இருக்கு, எழுதுறவங்கதானே நாம. அடுத்த தடவை விபத்துச் செய்தியைப் பகிரும்போது நாலே கேள்வியைச் சேர்த்துக் கேளுங்க. லைசென்ஸ் யார் பேர்ல? நடத்தினது யார்? அந்த ரூம்ல எத்தனை பேர்? எத்தனை கிலோ மருந்து? நாலுக்கும் பதில் அரசாங்க ரெக்கார்டுலயும் எஃப்.ஐ.ஆர்-லயும் இருக்கும். கேட்கிற ஆள் கூடினா, பதில் சொல்ல வேண்டியவங்களும் கொஞ்சம் முன்னாடியே அந்த ரூமை எட்டிப் பார்ப்பாங்க.

டிஸ்கி: பட்டாசே வேண்டாம்னு சொல்றவங்களோடயும், பட்டாசைத் தொடாதேன்னு சண்டைக்கு வர்றவங்களோடயும் இந்தப் பதிவு கட்சி சேரலை. லட்சக்கணக்கான பேரோட சோறு அது. அந்தச் சோத்தைச் சம்பாதிக்கப் போறவங்க சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வரணும். அதுக்கு மேல எந்த உள்நோக்கமும் இல்லீங்க.